விசிறி சுழல்கிறது, திரை விழிக்கவில்லை

கணிப்பொறி பழுதானால் நம் ஊர்களில் இரண்டு தீர்ப்புகளே வழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, "ஒயரைக் கழற்றி மறுபடி மாட்டுங்கள்" என்பது. மற்றொன்று, "போர்டு போய்விட்டது, புதிது வாங்குங்கள்" என்பது. இவ்விரண்டிற்கும் இடையில் நீண்டதொரு பாதை இருக்கிறது. அந்தப் பாதையில் நாலு அடிகூட நடந்து பார்க்காமல், ஓர் இளைஞரின் சம்பளத்தில் கை வைக்க எங்கள் மத்ரஸாவின் நிர்வாகக் குழு ஏறத்தாழ முடிவெடுத்துவிட்டது. அந்த நிகழ்ச்சியை வாசகப் பெருமக்களோடு பகிர்ந்து கொள்வதில் பயன் உண்டென்று கருதுகிறேன். இன்று கணிப்பொறி இல்லாத இல்லம் குறைவு. பிள்ளைகளின் படிப்பும் குடும்பத்தின் கணக்கும் அதற்குள்தான் இருக்கின்றன.

பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் ஒருவனுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். ஆலிம் பட்டம் பெற்று, அஞ்சல் வழியில் வரலாறு பி.ஏ.யும் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த இரண்டு ஆண்டுகள், ஓர் அச்சகத்தில் டி.டி.பி. வேலை பார்த்தவன் நான். நிக்காஹ் அழைப்பிதழ்களும் ரமளான் நேர அட்டவணைகளும் தட்டச்சு செய்த காலம் அது. பழுது பார்க்க வருகிறவர் அருகில் நின்று கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பேன். அவர் சலித்துக்கொள்ளாமல் சொல்லித் தந்ததே எனக்குத் தெரிந்த கணிப்பொறிக் கல்வி.

எங்கள் அலுவலகக் கணிப்பொறி 2019இல் வாங்கப்பட்டது. மாணவர்களின் தேர்வு மதிப்பெண்கள், விடுதிப் பிள்ளைகளின் விவரங்கள், நன்கொடை வரவு செலவு, ஷஃபான் மாதப் பட்டமளிப்பு விழாவுக்கு அச்சிட வேண்டிய ஸனதுகள் என யாவும் அதில் இருந்தன. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. எனவே விண்டோஸ் 11க்கு மாற்றும்படி, எங்களிடமே ஓதி வளர்ந்து இப்போது அலுவலகத்தைக் கவனித்துவரும் தம்பியிடம் நிர்வாகம் சொன்னது. அவர் முயன்றபோது, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதி இல்லையென்று திரை மறுத்துவிட்டது. பயாஸைப் புதுப்பித்தால் அந்த வசதி வந்துவிடும் என்று தெரிந்தவர் ஒருவர் அவருக்கு யோசனை கூறினார்.

தம்பி வேலையைச் செய்த முறையில் குறை காண்பதற்கில்லை. மதர்போர்டின் மாடல் பெயரையும், அதன் ஓரத்தில் அச்சிடப்பட்டிருந்த பதிப்பு எண்ணையும் பார்த்து, தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே கோப்பை எடுத்துப் பென் டிரைவில் ஏற்றி, பயாஸுக்குள் இருக்கும் கருவியின் மூலமாகவே புதுப்பித்தார். பாதி ஓடியபோது மின்சாரம் ஒரு கணம் நின்று வந்தது. மேசைக்கடியில் இருந்த யு.பி.எஸ். ஒருமுறை கத்திவிட்டு அடங்கிற்று. பின்னர் பொத்தானை அழுத்தினால் விசிறி சுழன்றது, விளக்கு எரிந்தது, திரை மட்டும் விழிக்கவே இல்லை. சென்ற ரஜப் மாதக் கடைசியில் இது நடந்தது. விழாவுக்கு மூன்று வாரங்களே இருந்தன.

பயாஸ் என்பது என்ன? மதர்போர்டில் எட்டுக் கால்களோடு, சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியதாக ஒரு சிப் இருக்கும். எங்கள் போர்டில் அதன் கொள்ளளவு 16 எம்.பி. மின்சாரம் வந்ததும் பிராசஸர் முதன்முதலில் படிப்பது அதில் எழுதப்பட்டுள்ள கட்டளைகளைத்தான். ரேமை எழுப்புவதும், திரைக்கு உயிர் தருவதும், ஹார்டு டிஸ்க்கைத் தேடி விண்டோஸிடம் பொறுப்பை ஒப்படைப்பதும் அதன் வேலை. ஃபஜ்ருக்கு முன் வந்து பூட்டைத் திறந்து விளக்கைப் போடும் முஅத்தினை எண்ணிப் பாருங்கள். அவர் வராவிட்டால் ஜமாஅத் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். ஆனால் பள்ளிவாசலுக்குள் இருக்கும் ஒரு பாய்கூடக் காணாமல் போய்விடாது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாததால்தான் அத்தனை கலவரமும் நேர்ந்தது.

1981இல் ஐ.பி.எம். தனது பி.சி.யை வெளியிட்டபோது இந்தக் கட்டளைகள் அழிக்க இயலாத ரோம் சிப்பில் இருந்தன. மாற்ற முடியாது, ஆகவே கெடுக்கவும் முடியாது. பின்னர் அழித்து எழுதக்கூடிய ஃபிளாஷ் சிப்புகள் வந்தன. வீட்டிலிருந்தபடியே புதுப்பிக்கும் வசதியும், வீட்டிலிருந்தபடியே கெடுத்துக்கொள்ளும் ஆபத்தும் ஒன்றாக வந்து சேர்ந்தன. தைவான் மாணவர் ஒருவர் 1998இல் உருவாக்கிய சி.ஐ.எச். என்னும் வைரஸ், 1999 ஏப்ரல் 26 அன்று பல நாடுகளில் கணிப்பொறிகளின் ஹார்டு டிஸ்க்கில் இருந்தவற்றை அழித்ததோடு, சில வகைப் போர்டுகளில் பயாஸையும் அழித்துச் செயலற்றதாக்கியது. ஃபிளாஷ் சிப்பில் பழையதை அழித்த பிறகே புதியதை எழுத முடியும். இடையில் மின்சாரம் நின்றால் பழையதும் இல்லை, புதியதும் முழுமையாக இல்லை. எங்கள் கணிப்பொறிக்கு நேர்ந்தது இதுதான்.

உள்ளூர்க் கடையிலிருந்து வந்தவர் ஐந்து நிமிடம் பார்த்தார். "போர்டு போய்விட்டது. இந்த மாடல் இப்போது கிடைக்காது. போர்டு, பிராசஸர், ரேம் எல்லாம் புதிதாகப் போட வேண்டும். உள்ளே இருந்த டேட்டாவுக்கு நான் பொறுப்பில்லை" என்றார். கடைசி வாக்கியம்தான் தீயை மூட்டியது. அன்று மஃக்ரிபுக்குப் பின் கூடிய குழுவில், பல ஆண்டுகளின் பதிவேடு அழிந்துவிட்டதென்றே எல்லோரும் நம்பினர். "அனுபவமில்லாதவர் கையில் கொடுத்தது தவறு. செலவில் பாதியை அவர் சம்பளத்தில் பிடித்துக்கொள்வோம்" என்றார் பொருளாளர் ஹாஜியார். தகப்பனாரை இழந்து, தாயாரையும் தங்கையையும் காப்பாற்றி வருகிறவர் அந்தத் தம்பி. கதவோரம் தலைகுனிந்து நின்றவர், "ஹஜ்ரத், நான் ஒன்றும் அழிக்கவில்லை" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

நான் எழுந்து, "ஹாஜியார், இரண்டு நாள் தவணை கொடுங்கள். டேட்டா போயிருந்தால் பிறகு பேசுவோம்" என்றேன். அவர் நல்ல மனிதர். கணக்கில் கறாரானவர், அவ்வளவே. ஒப்புக்கொண்டார்.

மறுநாள் காலை முதல் வேலையாக ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, யு.எஸ்.பி. கேபிள் வழியாக என் மடிக்கணினியில் இணைத்தோம். மதிப்பெண்களும் கணக்குகளும் ஸனதுகளும் வைத்தது வைத்தபடி இருந்தன. அத்தனையையும் வேறொரு டிஸ்க்கில் படியெடுத்தோம். தம்பியின் முகத்தில் அப்போதுதான் இரத்தம் ஓடியது. எங்கள் டிஸ்க்கில் பிட்லாக்கர் பூட்டு போடப்பட்டிருக்கவில்லை. போட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி தேவைப்பட்டிருக்கும். பயாஸைப் புதுப்பித்த பிறகு, நன்றாக இயங்கும் கணிப்பொறிகளே அந்தச் சாவியைக் கேட்பதுண்டு. ஆகவே அதை முன்கூட்டியே தாளில் குறித்து வைத்துக்கொள்வது அவசியம்.

அடுத்து போர்டு. பயாஸ் புதுப்பித்தபின் திரை வராவிட்டால் உடனே பதறிப் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தக் கூடாது. டி.டி.ஆர்.5 ரேம் உள்ள புதிய போர்டுகள், புதுப்பித்த பின் முதல்முறை ரேமை அளந்து பழகிக்கொள்ளவே சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். அதுவரை திரை இருட்டாகவே இருக்கும். கால்மணி நேரம் பொறுத்திருப்பதில் நட்டமில்லை. எங்களுடையது டி.டி.ஆர்.4; இருந்தும் காத்திருந்தோம். பிறகு மின்கம்பியைப் பிடுங்கி, எஞ்சிய மின்சாரம் வடியும்படி பொத்தானைச் சில விநாடிகள் அழுத்தி, போர்டில் காசு வடிவில் இருக்கும் 2032 செல்லைக் கழற்றி அரைமணி நேரம் வைத்தோம். அமைப்புகள் மட்டும் குழம்பியிருந்தால் இதிலேயே சரியாகிவிடும். ஒரே ஒரு ரேமை மட்டும் மாட்டிப் பார்த்தோம். திரைக் கேபிளையும் மாற்றிப் பார்த்தோம். கீபோர்டில் நம் லாக் விளக்குகூட எரியவில்லை. கட்டளைகளே பழுதுபட்டிருக்கின்றன என்பது அநேகமாக உறுதியாயிற்று.

இதற்கு மாறாக, தயாரிப்பாளரின் சின்னம் திரையில் தோன்றி, ஆனால் விண்டோஸ் வராமல் நின்றால், கதை வேறு. அங்கே பயாஸ் உயிரோடு இருக்கிறது. புதுப்பித்ததில் அமைப்புகள் ஆரம்ப நிலைக்குத் திரும்பியிருக்கும். பழைய லெகசி முறையில் நிறுவிய விண்டோஸை யு.இ.எஃப்.ஐ. முறையில் தேடினால் கிடைக்காது. டிஸ்க்கின் முறை ஏ.எச்.சி.ஐ.யிலிருந்து ரெய்டுக்கு மாறியிருந்தாலும் இதே கதிதான். முன்பிருந்தபடி மாற்றி வைத்தால் போதும். இந்த நிலையிலிருக்கும் கணிப்பொறிக்கும் "போர்டு போய்விட்டது" என்று சொல்லிக் காசு பறிப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

சில போர்டுகளில் பின்புறம் ஃபிளாஷ்பேக் என்றொரு பொத்தான் உண்டு. எஃப்.ஏ.டி.32 முறையில் வடிவமைத்த பென் டிரைவில், கையேடு சொல்லும் பெயரில் கோப்பை வைத்து, குறிப்பிட்ட துளையில் செருகி அழுத்தினால், பிராசஸரும் ரேமும் இல்லாமலேயே சிப் எழுதப்பட்டுவிடும். வேறு சிலவற்றில் இரண்டாவதாக ஒரு பயாஸ் சிப் காவலுக்கு இருக்கும். எங்கள் விலைகுறைந்த போர்டில் இரண்டுமே கிடையாது. புதிதாக வாங்குகிறவர்கள், மின்னும் வண்ண விளக்குகளுக்குக் கொடுக்கும் காசை இந்தப் பொத்தானுக்குக் கொடுக்கலாம் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

திருச்சியில் சிப் லெவல் வேலை செய்யும் ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டுப் போர்டை எடுத்துக்கொண்டு போனோம். அதிகம் பேசாத மனிதர். சிப்பின் மேல் அச்சிடப்பட்டிருந்த எண்ணைப் பூதக்கண்ணாடியால் பார்த்தார். சில சிப்புகள் 3.3 வோல்ட்டிலும் சில 1.8 வோல்ட்டிலும் இயங்குமாம். மாற்றிக் கொடுத்தால் உள்ளதும் கருகிவிடும் என்றார். எட்டுக் கால்களையும் ஒரு கிளிப்பால் கவ்வி, சி.எச்.341ஏ என்னும் சிறு கருவி வழியாகத் தம் கணிப்பொறியோடு இணைத்தார். எழுதுவதற்கு முன், சிதைந்து கிடந்ததையே இரண்டு முறை படித்துச் சேமித்து வைத்துக்கொண்டார். "கெட்டுப்போனதை எதற்குச் சேமிக்கிறீர்கள்?" என்று தம்பி கேட்டார். போர்டின் வரிசை எண், நெட்வொர்க் முகவரி போன்றவையும் இதற்குள்தான் இருக்கும், புதிய கோப்பில் அவை இரா என்று விளக்கினார். அவற்றைப் பெயர்த்துச் சேர்த்து, எழுதி, எழுதியதை மறுபடி ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. திரையில் சின்னம் தோன்றியது. அல்ஹம்துலில்லாஹ் என்று இருவரும் ஒரே குரலில் சொன்னோம். கூலி 800 ரூபாய்.

புறப்படும் முன் அவர் பயாஸ் பக்கத்தைத் திறந்து, பி.டி.டி. என்ற வரியைக் காட்டினார். இன்டெல் பிராசஸர்களில் டி.பி.எம். வேலையைச் செய்வது அதுதான். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பழைய பயாஸிலும் இந்த வரி இருந்திருக்கும், இதை இயக்கியிருந்தாலே விண்டோஸ் 11 ஏற்றுக்கொண்டிருக்கும், புதுப்பிக்கவே வேண்டியிருந்திருக்காது என்றார். இதை மறுப்புச் செய்தியிலேயே ஒரு வரி சேர்த்துச் சொல்லியிருந்தால் எத்தனை பேரின் அலைச்சல் மிச்சமாகியிருக்கும்!

அடுத்த கூட்டத்தில் நான் அதிகம் பேசவில்லை. யு.பி.எஸ். பேட்டரி மூன்று ஆண்டுகளைக் கடந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று தம்பி கொடுத்திருந்த விண்ணப்பத்தைத் தீர்மானப் புத்தகத்தில் எடுத்துக் காட்டினேன். "அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்று அதன்கீழ் ஹாஜியாரின் கையெழுத்திலேயே இருந்தது. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மீண்டும் ஒருமுறை படித்தார். பிறகு தம்பியைத் தம் பக்கத்து நாற்காலியில் அமரச் சொல்லி, பேட்டரி என்ன விலை என்று கேட்டார். சம்பளப் பிடித்தத்தைப் பற்றி அதன்பின் யாரும் வாய் திறக்கவில்லை.

ஸனதுகள் விழாவுக்கு நான்கு நாள் முன்பே அச்சாகிவிட்டன. தம்பி இப்போது பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படமெடுத்து அச்சிட்டு, கேபினெட்டின் உள்மூடியில் ஒட்டி வைத்திருக்கிறார். வெள்ளிதோறும் கோப்புகளை இரண்டு டிஸ்க்குகளில் படியெடுக்கிறார். அவற்றில் ஒன்று ஹாஜியார் வீட்டு அலமாரியில் இருக்கிறது.