ரிக்‌ஷாக்காரருக்குத் தெரிந்த பறவை

தில்லியிலிருந்து சுமார் 180 கிலோமீட்டர், ஆக்ராவிலிருந்து 55. தாஜ்மகாலைப் பார்த்த கையோடு, மிச்சமிருக்கும் அரை நாளில் பரத்பூரையும் முடித்துவிடலாம் என்று வருகிறவர்கள் அதிகம். கேவலாதேவ் தேசியப் பூங்காவின் வாசலில் அவர்களுக்கு முதலில் வரும் சந்தேகம், வழிகாட்டி எதற்கு என்பதுதான். சாலை நேராகப் போகிறது. இருபுறமும் நீர்நிலைகள். கண்ணெதிரே பறவைகள். இதைக் காட்ட ஓர் ஆளா, அவருக்கு மணிக்கணக்கில் கூலியா?

மஞ்சள்மூக்கு நாரைகளைக் காட்ட ஆள் வேண்டாம்தான். மழை நன்றாகப் பெய்த வருடங்களில் அவை கருவேல மரங்களின் மேல் கூட்டம் கூட்டமாகக் கூடு கட்டும். குஞ்சுகள் போடும் கூச்சலே இடத்தைச் சொல்லிவிடும். ஆனால் பகலெல்லாம் சருகோடு சருகாகக் கிடந்து தூங்கும் பக்கியை, இரண்டடி தள்ளி நின்றாலும் புதியவர் பார்க்க முடியாது. எந்தப் பொந்தில் ஆந்தை இருக்கிறது, சாரஸ் கொக்கு ஜோடி காலையில் எந்தப் பக்கம் மேய்கிறது என்பதெல்லாம் புத்தகத்தில் இல்லை. நேற்றும் முந்தாநாளும் அதே வழியில் போனவருக்குத்தான் தெரியும்.

அப்படிப் போகிறவர்கள் இங்கே இரண்டு வகை. ஒருவர், உரிமம் பெற்ற வழிகாட்டி. இன்னொருவர் ரிக்‌ஷாக்காரர். சைக்கிள் மிதித்த காலத்திலிருந்தே பரத்பூரின் புகழில் பாதி இவர்களுடையது. வனத்துறை பயிற்சி கொடுத்தது உண்மை. மீதியை வெளிநாட்டுப் பயணிகளின் பக்கத்தில் நின்று காதால் கற்றார்கள். பள்ளிக்கூடத்தை அதிகம் எட்டிப் பார்க்காதவர்கூட வாத்துகளின் ஆங்கிலப் பெயர்களை வரிசையாகச் சொல்வார். இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்தைத் தூரத்திலேயே அடையாளம் காட்டுவார்.

உள்ளூர்க்காரரின் அறிவை இந்த இடம் எப்போதும் மதித்ததாகச் சொல்ல முடியாது. மகாராஜாக்களின் காலத்தில் இது வேட்டைக்களம். 1938 நவம்பரில், வைஸ்ராய் லின்லித்கோ பிரபு வந்தபோது, ஒரே நாளில் 4,273 பறவைகள் சுடப்பட்டன. கேவலாதேவ் கோயிலருகே உள்ள கல்வெட்டில் அந்தக் கணக்கை இன்றும் படிக்கலாம். 1982இல் தேசியப் பூங்காவான கையோடு எருமைகள் மேய்வது தடுக்கப்பட்டது. கிராமத்தார் எதிர்த்தார்கள், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. எருமை போனதும் நீரில் புல் மண்டியது. வாத்துகளுக்கு நீந்த இடம் குறைந்தது. எருமைகள் இந்த நீர்நிலைக்குத் தேவைப்பட்டன என்று பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நீண்ட ஆய்வு பிறகு சொன்னது. எருமைக்காரர்களைக் கேட்டிருந்தால் ஆய்வில்லாமலே சொல்லியிருப்பார்கள்.

பறவைகளின் காலில் வளையம் மாட்டிய அந்தக் கழகத்துக்கும் பறவைகளைப் பிடித்துக் கொடுத்தவர்கள் பீகாரின் மீர்ஷிகார்கள், பரம்பரைப் பறவை பிடிக்கிறவர்கள்தான்.

வழிகாட்டியின் பிழைப்பு தண்ணீரோடு கட்டப்பட்டது. கம்பீர் நதியின் நீர்தான் பூங்காவுக்கு உயிர். மேலே கரௌலி மாவட்டத்தில் பாஞ்சனா அணை வந்தபின், 2000க்குப் பிந்தைய வருடங்களில் அங்கிருந்து தண்ணீர் வருவது நின்றது. அணைப் பகுதி விவசாயிகள் தண்ணீரை விட்டுக்கொடுக்க மறுத்தார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. ஏரி காய்ந்தால் பறவை வராது, பறவை வராவிட்டால் பயணி வருவதில்லை, ரிக்‌ஷா வாசலிலேயே நிற்கும். பின்னர் கோவர்தன் வடிகாலிலிருந்து குழாய் வழியாக நீர் கொண்டுவந்தார்கள். நதி கொண்டுவந்த மீன்குஞ்சுகளைக் குழாய் கொண்டுவருமா என்பது வேறு விஷயம். சைபீரியக் கொக்குகளின் கதை அதற்கு முன்பே முடிந்துவிட்டது. 1960களில் இங்கே சுமார் 200 இருந்தன. 2001–02 குளிர்காலத்தில் ஒரே ஒரு ஜோடி வந்தது. அதன்பின் வரவில்லை.

ஆள் பிடிப்பதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். மணிக்கணக்கு பேசினால் அவருக்கும் அவசரம், உங்களுக்கும் அவசரம். ஒரு முழுக் காலைப்பொழுதுக்குப் பேசிக்கொள்வது நல்லது. விதித்த கட்டணம் என்ன என்பதை நுழைவுச்சீட்டு கவுண்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். எத்தனை பறவை என்று எண்ணிக்கை கேட்காதீர்கள். கேட்டால் பட்டியலை நிரப்பத் துரத்திக்கொண்டு போவார். குளிர்காலத்தில் வெயில் காய வரும் மலைப்பாம்பைப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் உண்டு. கொஞ்சம் கூடுதல் பணத்துக்கு ஆசைப்பட்டு அழைத்துப் போகிறவர்களும் உண்டு. தூங்கும் ஆந்தையை எழுப்பக் கல்லைத் தேடுகிறவர் நல்ல வழிகாட்டி அல்ல. முடியாது என்று சொல்கிறவர் கிடைத்தால் அடுத்த நாளைக்கும் அவரையே பேசி வைத்துவிடுங்கள்.

நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். டிசம்பர், ஜனவரியில் மூடுபனி ஒன்பது மணிவரைகூட விலகாது, கம்பளி அவசியம். ஊரிலிருந்து டிக்கெட் எடுக்கும் முன், அந்த வருடம் தண்ணீர் வந்ததா என்று பரத்பூரில் யாரிடமாவது விசாரித்துக்கொள்ளுங்கள்.