கரந்த மொழியும் வெட்டுண்ட மொழியும்: ஸ்மதர்ஸ் சகோதரர்களின் மூன்றாம் பருவம்

அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 1967 பிப்ரவரி 5 அன்று தொடங்கி 1969 ஜூனில் முடிந்துபோன ‘ஸ்மதர்ஸ் பிரதர்ஸ் காமெடி அவர்’ என்னும் பல்சுவை நிகழ்ச்சியின் மூன்றாம் பருவத்தைக் கடந்த சில மாதங்களாகச் சனிக்கிழமை மாலைகளில் நாங்கள் மூவர் கூடிப் பார்த்துவந்தோம். (‘சீசன்’ என்பதைப் பருவம் என்றே எழுதுகிறோம், குற்றாலம் நினைவுக்கு வந்தால் அன்பர்கள் பொறுத்தருள்க.) மூவரும் தமிழ் கற்பிப்பவர்கள். இந்த நிகழ்ச்சியைப் பற்றி எழுதியவர்கள் அனைவரும் தணிக்கையோடு அது நடத்திய மல்லுக்கட்டைச் சொல்லாமல் விடுவதில்லை. அதைப் படித்துவிட்டுத்தான் நாங்களும் உட்கார்ந்தோம். ஆனால் இரண்டு மூன்று வாரம் சென்றதும் எங்களைப் பற்றிக்கொண்டது ஒரு சிறு கேள்வி: தணிக்கையாளர் எதை வெட்டினார், எதை விட்டார்?

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறோம். அண்ணன் டாம், தம்பி டிக். டாமிடம் கிதார், டிக்கிடம் ஆள் உயரத்துக்கு நிற்கும் பெரிய பேஸ் வாத்தியம். இருவரும் ஒரு நாட்டுப்புறப் பாடலைத் தொடங்குவார்கள். பாதியில் டாம் எதையோ தப்பாகச் சொல்லிப் பாட்டை நிறுத்துவார். டிக் திருத்துவார். டாம் திக்கித் திணறி விளக்கம் சொல்லி மேலும் சிக்கிக்கொள்வார். கடைசியில் அம்மாவுக்கு உன்மேல்தான் எப்போதும் பிரியம் என்று தம்பியைக் குற்றம் சாட்டுவதில் போய் முடியும். பாட்டு முடிந்ததாகச் சரித்திரமே இல்லை. மேடையில் அசடாக நின்ற டாம்தான் திரைக்குப் பின்னால் நிகழ்ச்சியின் சூத்திரதாரி. இவர்களுடைய தந்தை அமெரிக்க இராணுவ அதிகாரி. பிலிப்பைன்ஸில் ஜப்பானியரிடம் சிறைப்பட்டு 1945இல் இறந்தவர். வியட்நாம் போரை எதிர்த்த இந்தப் பிள்ளைகளை நாட்டுப்பற்று அற்றவர்கள் என்று ஏசியவர்களுக்கு இது தெரிந்திருந்ததா என்பது வேறு கதை.

ஞாயிறு இரவு 9 மணி. எதிரே என்.பி.சி.யில் ‘பொனான்ஸா’. அக்காலத்தில் நாட்டிலேயே அதிகம் பேர் பார்த்த குதிரைவீரர் தொடர் அது. அந்த நேரத்தில் எதை வைத்தாலும் எடுபடவில்லை. சட்டையும் கோட்டும் அணிந்த, பார்வைக்குச் சாதுவான இரண்டு இளைஞர்களை வைத்துப் பார்க்கலாம் என்று சி.பி.எஸ். துணிந்தது அதனால்தான். நிகழ்ச்சி எடுபட்டது, குறிப்பாக இளைஞர்களிடம். சிக்கலும் அங்கேதான் தொடங்கிற்று.

விடப்பட்டவற்றைப் பார்ப்போம். லீ ஃபிரெஞ்ச் என்னும் நடிகை ‘கோல்டி’ என்ற பெயரில் இல்லத்தரசிகளுக்கு யோசனை சொல்லும் நிகழ்ச்சியைப் பகடி செய்து ஒரு பகுதி நடத்தினார். தேநீர் அருந்த வாருங்கள் என்று அழைப்பார். தேநீர் என்பது அன்றைய இளைஞர் வழக்கில் கஞ்சா. வணக்கம் சொல்லும்போது ‘ஹை’ என்பார், அப்படி இருப்பதில் மகிழ்ச்சி என்று சேர்த்துக்கொள்வார். அந்த ஓசைக்கு முகமன் என்றும் பொருள், போதையில் இருப்பது என்றும் பொருள். தூய சிலேடை! காளமேகம் கேட்டிருந்தால் தலையசைத்திருப்பார். வாரந்தோறும் பிரதியைக் கோடு போட்டுப் படித்த தணிக்கையாளர்களுக்கு நெடுநாள் இது விளங்கவில்லை. பாட் பால்சன் என்னும் சோக முகத்தார் 1968 குடியரசுத் தலைவர் தேர்தலில் தாமும் நிற்பதாக அறிவித்து, அரசியல்வாதி பேசும் அதே வெற்றுச் சொற்களை ஒரு தசைகூட அசையாமல் பேசினார். அவை பெரும்பாலும் நேயர்களைச் சென்றடைந்தன. அரசியல் என்னும் தொழிலையே அவர் எள்ளி நகையாடினார். அது யாரையும் குறிப்பாகச் சுடவில்லை.

தொல்காப்பியர் செய்யுளியலில் அங்கதத்தை இரண்டாகப் பிரிக்கிறார். வெளிப்படையாக வசைபாடுவது செம்பொருள் அங்கதம். மொழியை மறைத்துப் பழிப்பது பழிகரப்பு அங்கதம். வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லித்தரும் பாடம்தான். அதற்கு இவ்வளவு பொருத்தமான எடுத்துக்காட்டு லாஸ் ஏஞ்சலஸிலிருந்து வரும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. சி.பி.எஸ். நிறுவனத்துக்குப் பழிகரப்பு அங்கதம் பொறுக்கக்கூடியதாக இருந்தது. சில வேளை புரியாததால், சில வேளை புரிந்தும் பாதகமில்லை என்பதால். செம்பொருள் தலைகாட்டினால் கத்தரிக்கோல் எழுந்தது.

இரண்டாம் பருவத்திலேயே இதன் தடம் தெரிகிறது. பதினேழு ஆண்டுகளாக அமெரிக்கப் பெருந்தொலைக்காட்சிகள் விலக்கிவைத்திருந்த நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகரை 1967 செப்டம்பரில் டாம் அழைத்துவந்தார். சீகர் பாடிய பாட்டு 1942இல் நடப்பதாக ஒரு கதை சொல்கிறது. இராணுவப் பயிற்சியில் ஒரு தலைவன் தன் படையை ஆழம் தெரியாத ஆற்றில் இறக்கிக்கொண்டே போகிறான். வியட்நாம் என்ற சொல்லே கிடையாது. அந்தக் கதை முழுவதையும் அனுமதிக்க நிறுவனம் தயாராக இருந்தது. கடைசிச் செய்யுளில் பாடகர் தம் காலத்துக்குத் திரும்பி, நாளேட்டைப் பார்த்தால் அந்தப் பழைய நினைவு வருகிறது என்கிறார். அந்தச் செய்யுளை விட்டுவிடுங்கள் என்றார்கள். சீகர் மறுத்தார். பாட்டே ஒளிபரப்பாகவில்லை. 1968 பிப்ரவரி 25 அன்று சீகர் மறுபடி வந்து முழுவதையும் பாடினார், அது ஒளிபரப்பாயிற்று. இடையில் வியட்நாமில் டெட் தாக்குதல் நடந்திருந்தது. இரண்டு நாள் கழித்து அதே சி.பி.எஸ்.ஸின் செய்தி வாசிப்பாளர் வால்ட்டர் கிராங்கைட், இந்தப் போரில் வெற்றி என்பதற்கு இடமில்லை என்ற தொனியில் பேசினார். ஆக, ஒரு செய்யுள் சொல்லத்தக்கதாக ஆவதற்கு ஐந்து மாதமும் ஒரு பெருந்தாக்குதலும் தேவைப்பட்டன.

மூன்றாம் பருவம் 1968 செப்டம்பர் 29 அன்று தொடங்கியது. ஒரு மாதத்துக்கு முன்புதான் சிகாகோவில் ஜனநாயகக் கட்சி மாநாட்டின்போது காவல்துறையினர் போராட்டக்காரர்களை வீதியில் அடித்து நொறுக்கியிருந்தனர். தொடக்க நிகழ்ச்சியில் ஹாரி பெலஃபான்டே ஒரு கலிப்ஸோ பாட்டைப் பாடுகிறார். திருவிழாவை நிறுத்திவிடாதே என்று ஆண்டவனிடம் கேட்கும் குதூகலப் பாட்டு. அவருக்குப் பின்னால் சிகாகோ வீதிக் காட்சிகள், தடியடி, ஓடும் கூட்டம். பாட்டு சிரிக்கிறது, படம் நடந்ததைக் காட்டுகிறது. நிறுவனம் பகுதி முழுவதையும் வெட்டிற்று. அந்த இடைவெளியில் ஐந்து நிமிடங்களைக் குடியரசுக் கட்சி வேட்பாளர் நிக்ஸனின் தேர்தல் விளம்பரத்துக்கு விற்றார்கள்.

இதைப் பார்த்த மாலையில் எங்கள் பேச்சு கல்லூரி ஆண்டு விழாவுக்குத் தாவியது. மாணவர் நாடகப் பிரதிகளை மூன்று நாள் முன்னதாக ஒரு குழு படித்து ஒப்பம் இடுவது எங்களிடையே வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி எழுதிய நாடகத்தில் பேராசிரியர்களின் நடை, இருமல், கண்ணாடியைத் துடைக்கும் தோரணை எல்லாம் கேலிக்கு ஆளாகியிருந்தன. குழுவினர் விழுந்து விழுந்து சிரித்தனர், அத்தனையையும் அனுமதித்தனர். ஒரே ஒரு வசனத்தின் அருகே சிவப்பு மை. விடுதிக் குழாயில் ஒன்பது நாளாகத் தண்ணீர் வரவில்லை என்று ஒரு பாத்திரம் சொல்லும் இடம். அதில் நகைச்சுவை ஏதும் இல்லை. எங்களில் ஒருவர் குழுவில் இருந்தார், வாதாடினார், எண்ணிக்கையில் தோற்றார். அவருக்குக் கிடைத்த பதில்: “நாடகத்தில் காமெடி இருக்கட்டும் சார், கம்ப்ளெயின்ட் எதற்கு?” நாடகம் நடந்தது. நல்ல கைதட்டல். தண்ணீர் தன் போக்கில் வேறொரு நாள் வந்தது.

ஜோன் பயஸ் பங்குகொண்ட பகுதியை நாங்கள் மும்முறை பார்த்ததற்கு இந்த நினைவும் காரணமாக இருக்கலாம். 1969 மார்ச் 9 அன்று வரவேண்டிய நிகழ்ச்சி அது. நிறுவனம் அன்றைக்கு அதை நிறுத்திவிட்டுப் பழைய நிகழ்ச்சி ஒன்றை ஒளிபரப்பியது. பயஸ் கையில் கிதாருடன் அமர்ந்து, மெல்லிய குரலில், அடுத்த பாடலைத் தம் கணவர் டேவிட் ஹாரிஸுக்கு அளிப்பதாகச் சொல்கிறார். அவர் மூன்றாண்டுச் சிறைவாசம் செல்லவிருக்கிறார், கட்டாய இராணுவச் சேர்ப்பை எதிர்த்ததும் எதிர்க்க மற்றவர்களைத் திரட்டியதும் காரணம் என்கிறார். முழக்கம் கிடையாது, வசை கிடையாது. ஒரு மனைவி தரும் தகவல், அவ்வளவே. மார்ச் 30 அன்று இறுதியில் அது ஒளிபரப்பானபோது கணவர் சிறை செல்கிறார் என்பது இருந்தது. ஏன் செல்கிறார் என்பது இல்லை.

வெட்டியவரின் நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். எழுவாயை விட்டார், பயனிலையை விட்டார், காரணத்தை மட்டும் எடுத்துவிட்டார். வாக்கியம் இலக்கணப்படி நிறைவாகவே இருக்கிறது. அந்த இரவு அதைக் கேட்டவர்களுக்கு டேவிட் ஹாரிஸ் திருடராகவோ கொலைகாரராகவோ தோன்றியிருக்க இடமுண்டு. முழுவதையும் வெட்டியிருந்தால்கூட அவருக்கு இத்தனை தீங்கு இல்லை. பொய் என்று ஒரு சொல்லும் சேர்க்காமல் உண்மையைப் பொய்யாக்குவது எப்படி என்பதற்கு உரையாசிரியர்கள்கூட இப்படி ஓர் எடுத்துக்காட்டைத் தந்ததில்லை.

எங்கள் இருவகைப் பகுப்பு எல்லாவற்றையும் விளக்கிவிடும் என்றில்லை. 1967இலேயே எலைன் மே பங்குகொண்ட ஒரு நகைச்சுவைக் காட்சி வெட்டப்பட்டிருக்கிறது. திரைப்படத் தணிக்கையாளர் இருவரைக் கேலி செய்த காட்சி அது என்பதால் தொழில்முறைப் பகை என்று விட்டுவிடலாம். டேவிட் ஸ்டைன்பர்க்கின் கதை அப்படி அன்று. பாதிரியார் பிரசங்கம் செய்யும் பாணியில் விவிலியக் கதைகளைக் கிண்டலாகச் சொன்னவர் அவர். 1968 அக்டோபரில் மோசேயைப் பற்றிப் பேசினார். கண்டனக் கடிதங்கள் குவிந்தன. கரந்தும் இல்லை, வெளிப்படையான வசையும் இல்லை, வெறும் விளையாட்டு. ஆனால் கேட்டவர்களுக்கு அது செம்பொருளாகவே பட்டது. எது மறைமொழி, எது நேர்மொழி என்பதைச் சொல்பவர் மட்டும் முடிவு செய்வதில்லை போலும்.

அதன்பின் ஒவ்வொரு நிகழ்ச்சியையும் ஊர்தோறும் உள்ள இணைப்பு நிலையங்கள் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வசதி செய்யவேண்டும் என்ற கட்டுப்பாடு வந்தது. 1969 ஏப்ரலில் ஸ்டைன்பர்க் யோனாவைப் பற்றிய இன்னொரு பிரசங்கத்துடன் வந்தார். ஒளிநாடா உரிய நேரத்தில் வந்து சேரவில்லை, ஒப்பந்தம் மீறப்பட்டது என்று கூறி, ஏப்ரல் 4 அன்று சி.பி.எஸ். தலைவர் ராபர்ட் வுட் நிகழ்ச்சியையே நீக்கினார். அடுத்த ஆண்டுக்கும் நிகழ்ச்சி தொடரும் என்று அதே நிறுவனம் உறுதி சொல்லிச் சில வாரங்களே ஆகியிருந்தன. காரணமாகக் காட்டப்பட்டது காலதாமதம். இங்கும் வாக்கியம் இலக்கணப்படி சரியாகவே இருந்தது.

நிறுவனத்தின் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். ஞாயிறு இரவு குடும்பத்தோடு பார்க்கும் நேரம். இணைப்பு நிலையங்கள் விலகிக்கொண்டால் விளம்பர வருமானம் போய்விடும். டாமும் எளிதில் இணங்கிப்போகும் மனிதர் அல்லர். மூன்றாம் பருவத்தில் சண்டையே அவருக்கு முதன்மையாகிவிட்டது. நகைச்சுவை உணர்வை அந்நாளில் தாம் இழந்துவிட்டதாகப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். பார்க்கும்போது அது தெரிகிறது. சில நாடகத் துணுக்குகள் இழுக்கின்றன. ஆட்டக் கூட்டத்தோடு வரும் பெரும்பாட்டுகளை நாங்கள் ஓட்டிவிட்டோம் என்பதை மறைப்பானேன். அண்ணனும் தம்பியும் வெறும் மேடையில் நின்று அம்மாவைப் பற்றிச் சண்டையிடும் சில நிமிடங்கள் மட்டும் இன்றும் ஒரு மாற்றுக் குறையவில்லை.

பின்கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். அவர்கள் இருந்த இடத்தில் ‘ஹீ ஹா’ என்னும் கிராமியக் கேளிக்கை நிகழ்ச்சி வந்தது. அதே 1969இல் மூன்றாம் பருவத்தின் எழுத்தாளர் குழுவுக்கு எம்மி விருது கிடைத்தது. அக்குழுவில் 23 வயது ஸ்டீவ் மார்ட்டினும் ஒருவர். தம் பெயர் இருந்தால் மற்றவர்களுக்கும் விருது கிடைக்காமல் போகலாம் என்று கருதி டாம் தம் பெயரைப் பட்டியலில் சேர்க்கவில்லை. ஒப்பந்தத்தை மீறியது நிறுவனமே என்று 1973இல் நீதிமன்ற நடுவர் குழு தீர்ப்பளித்து, 7 இலட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு வழங்கச் சொன்னது. டாமுக்குரிய எம்மி 2008இல் ஸ்டீவ் மார்ட்டின் கையால் அவரிடம் சேர்ந்தது. 2023 டிசம்பர் 26 அன்று டாம் காலமானார்.

மற்றொன்று. வாரந்தோறும் இவர்களிடம் அடிவாங்கியவர் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன். மறுமுறை போட்டியிடவில்லை என்று அவர் அறிவித்தபின் சகோதரர்கள் வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுதினர். 1968 நவம்பரில் அவர் விடை எழுதினார். கேலிக்கு ஆளாவது தலைமைக்கு உரிய விலையின் ஒரு பகுதி என்றும், சிரிக்க மறக்கும் அளவுக்கு நாம் இறுகிவிடக் கூடாது என்றும் கருத்துப்பட எழுதியிருந்தார். ஆள்பவருக்கே பொறுக்க முடிந்தது! இடையில் நின்றவர்களுக்குத்தான் முடியவில்லை.

வெட்டப்பட்ட பகுதிகள் பலவும் பிற்காலத்தில் வெளிவந்துவிட்டன. மூன்றாம் பருவத்தின் தேர்ந்தெடுத்த நிகழ்ச்சிகள் டிவிடியாகவும் கிடைத்தன. எல்லாவற்றையும் பார்க்க நேரமில்லாத அன்பர்கள் பெலஃபான்டேயின் பாட்டை முதலில் பாருங்கள். ஒலியைக் குறைத்து ஒருமுறை, ஒலியோடு ஒருமுறை. பயஸ் பேசும் இடத்தை முழு வடிவில் தேடுங்கள். காரணம் சொல்லும்போது அவர் குரல் சற்றும் உயர்வதில்லை.