சுறா தூரத்துச் சொந்தம்

ஒரு கொடுவா, ஒரு குட்டிச் சுறா. இரண்டையும் வாழையிலையில் கிடத்தி மேசைமேல் வைத்துவிட்டுத்தான் பரிணாமப் பாடத்தைத் தொடங்குவேன். "கொடுவாவுக்கு யார் நெருங்கின சொந்தம்? சுறாவா, நாமளா?"

பழவேற்காட்டுப் பிள்ளைகளிடம் மீனைப் பற்றிக் கேட்டால் கை தூக்கிக் காத்திருக்க மாட்டார்கள். "சுறாதான் சார்!" என்று வகுப்பே கத்தும். இரண்டும் மீன், இரண்டும் நீந்துகிறது, இதில் என்ன கேள்வி என்று சில பையன்கள் சிரிப்பார்கள். நான் கத்தியை எடுப்பேன்.

என் அம்மா கூடை சுமந்து மீன் விற்றவர். மீன் அரிவதை அவரிடம் கற்றேன். உயிரியலைப் பின்னால்தான் படித்தேன். அந்த வரிசை எனக்கு நல்லதாகவே போயிற்று. சுறாவில் முள் கிடையாது, உள்ளே இருப்பது குருத்தெலும்பு. சுறாப் புட்டுக்கு மீனை முள் பொறுக்காமல் உதிர்க்க முடிவது அதனால்தான். இது எந்தப் பாடநூலும் இல்லாமல் ஒவ்வொரு ஆயாவுக்கும் தெரியும். கொடுவாவில் முள் இருக்கிறது, மண்டையோட்டில் கெட்டியான எலும்பு இருக்கிறது. "உன் தலையைத் தட்டிப் பார், உனக்கு எது இருக்கு?" என்று கேட்டதும் சத்தம் குறையும். குருத்தெலும்பு மீன்களின் வழியும் எலும்பு மீன்களின் வழியும் பிரிந்து 42 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது. கொடுவாவின் முன்னோரும் நம் முன்னோரும் அதற்கும் பிற்பாடுதான் பிரிந்தார்கள். ஆகவே கொடுவா நமக்குப் பங்காளி. சுறா இரண்டு பேருக்குமே தூரத்துச் சொந்தம். பங்காளி என்று சொன்னதும் புரிந்துவிடுகிறது. யார் எந்தத் தாத்தா வழி என்று கணக்கு வைத்திருக்கும் ஊர் இது.

அடுத்து கொடுவாவின் வயிற்றைக் கீறி, வெள்ளையாகப் பளபளக்கும் காற்றுப்பையை எடுத்துக் காட்டுவேன். 1859இல் வெளியான தம் நூலில் டார்வின், மீனின் காற்றுப்பைதான் மாறி நுரையீரல் ஆனது என்று எழுதினார். இன்றைக்கு ஆய்வாளர்கள் சொல்வது நேர்மாறு: பழைய எலும்பு மீன்களுக்கு நுரையீரல் முதலிலேயே இருந்தது, பிற்பாடு பெரும்பாலான மீன்களில் அதுதான் மிதப்பதற்கான பையாக மாறியது. டார்வினுக்கே தப்பு நேர்ந்திருக்கிறது என்று சொல்லும் அந்த நொடியில் கடைசி பெஞ்சு நிமிர்ந்து உட்காரும். அதற்காகவே அதைச் சொல்கிறேன் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

என் தப்புகளுக்கு வருகிறேன். இரண்டு உண்டு, இரண்டும் ஒன்றேதான்.

பழவேற்காட்டு ஏரியோரச் சேற்றில் துடுப்பை ஊன்றித் தத்தித் திரியும் உளுவை வகை ஒன்று இருக்கிறது. முட்டைக் கண், ஆள் நிழல் பட்டதும் ஒரே தாவு. பல வருஷம் பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துப் போய், "இதோ பாருங்க, தண்ணியிலேர்ந்து நிலத்துக்கு ஏறுற மீன். நம்ம பாட்டன் இப்படித்தான் ஏறினான்" என்று நாடகம் போட்டேன். பார்ப்பதற்கு அத்தனை பொருத்தம், பாடம் தானாக நடக்கும். ஆனால் பொய். அந்த உளுவை கொடுவாவைப் போல விசிறித் துடுப்பு மீன். நம் வழி வந்தது சதைத் துடுப்பு மீன்களிலிருந்து. கனடாவின் எல்ஸ்மியர் தீவில் 2004இல் கிடைத்த டிக்டாலிக் என்ற புதைபடிவ மீன் அந்த வழியைச் சேர்ந்தது, சுமார் 37.5 கோடி ஆண்டுப் பழமை, துடுப்புக்குள் மணிக்கட்டு போன்ற எலும்புகள். நம் சேற்று உளுவை அதற்கு வெகு காலம் கழித்து, தன் சொந்த வழியில், தன் தேவைக்குச் சேறேறியது. நிலத்துக்கு வந்துசேர அது பாதி வழியில் நிற்கவில்லை. சேறுதான் அதன் ஊர்.

இதைத் திருத்திக்கொண்ட பிறகும் அதே தப்பை இன்னொரு இடத்தில் செய்தேன் என்பதை எழுதக் கை கூசுகிறது. ஒன்பதாம் வகுப்பு, தொல்பழங்கால மனிதர் பாடம். வேட்டை, சேகரிப்பு என்று சொல்லிக்கொண்டே வந்தவன், ஏரியில் இருளர் பெண்கள் கையால் இறால் தடவிப் பிடிப்பதைக் காட்டி, "ஆதி மனுஷங்க வாழ்ந்தது இப்படித்தான்" என்றேன். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் தலையைக் குனிந்தாள். அவள் அம்மா அந்தப் பெண்களில் ஒருத்தி. மறுநாள் வருகைப் பதிவு எடுக்கும்போது எழுந்து, "சார், எங்கம்மாகிட்ட செல்போன் இருக்குது" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

மன்னிப்புக் கேட்டேன், அது போதவில்லை என்று எனக்கே தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மாவிடம் போய், "எனக்கும் கத்துக் குடுங்கம்மா" என்று நின்றேன். "சார் வேட்டி நனைஞ்சிடும்" என்றார். முட்டளவுத் தண்ணீரில் குந்தி நகர்ந்தபடி, ஓலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, இரண்டு உள்ளங்கையையும் சேற்றின் மேல் பரப்பித் தடவ வேண்டும். அழுத்தினால் இறால் தெறித்துவிடும், அழுத்தாவிட்டால் தட்டுப்படாது. எந்த ஓதத்துக்கு எந்த இடம், நிலா எத்தனை நாள், சேறு மணலாவது எங்கே, எல்லாம் விரல்நுனியில் இருக்கிறது. இரண்டு மணி நேரத்தில் என் பங்கு நான்கு இறாலும், நண்டு கிள்ளிய ஒரு விரலும். அவர் பறி நிறைந்து, அதைக் கரையில் காத்திருந்த வியாபாரியிடம் பேரம் பேசி விற்றுவிட்டார். அன்றைய விலைக்கு, இன்றைய சந்தைக்கு, இந்த ஏரிக்கு என்று தீட்டிய வேலை அது. அவருடைய பரம்பரைக்கும் என்னுடைய பரம்பரைக்கும் வயசு ஒன்றுதான்.

வயசைக் காட்டக் கயிறு ஒன்று வைத்திருக்கிறேன். ஒரு மாணவனின் நைனா கொடுத்த படகுக் கயிறு, 45 மீட்டர் 40 சென்டிமீட்டர். மீட்டருக்குப் பத்துக் கோடி ஆண்டு; மொத்தம் பூமியின் 454 கோடி. மைதானத்தில் இழுத்துப் பிடித்தால் முதல் பதினோரு மீட்டருக்குள் நிச்சயமான உயிர்ச்சுவடுகள் தொடங்கிவிடும். பிறகு நீண்ட தூரத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களின் ராஜ்யம்தான். அங்கே நிற்கும் பிள்ளைகள் பாவம், வெயிலில் காய்வார்கள். கடைசி ஆறு மீட்டரில்தான் விலங்குகள். டைனோசர்கள் முடிவிலிருந்து 66 சென்டிமீட்டரில் அழிகின்றன. நம் இனம், ஹோமோ சேப்பியன்ஸ், மூன்று மில்லிமீட்டர். இந்த ஏரியோ, எவ்வளவு தாராளமாகக் கணக்கிட்டாலும் பத்தாயிரம் ஆண்டைத் தாண்டாது. கயிற்றில் அது நரம்பு வலையின் நரம்பை விடவும் மெல்லிசு. சுமார் 20 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பனி உறைந்திருந்த காலத்தில் கடல் மட்டம் இன்றையதை விட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது. 65 பாகம் என்று சொன்னால் இங்கே மூச்சு நின்றுவிடும். அப்போது ஏரியும் இல்லை, முகத்துவாரமும் இல்லை, கரை கிழக்கே எங்கேயோ.

கயிற்று நுனியிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டரில் சிவப்பு நூல் ஒன்று கட்டியிருக்கிறேன். அது அத்திரம்பாக்கம். நமக்குத் தெற்கே எண்ணூரில் கடல் சேரும் கொசஸ்தலையாற்றின் மேல்பகுதி, இதே திருவள்ளூர் மாவட்டம். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தை அடைந்தார்கள். 1999 முதல் தொல்லியலாளர்கள் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அங்கே தோண்டினார்கள். கைக்கோடாரிகள் கிடந்த கீழடுக்கு சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமை என்று 2011இல் வெளியிட்டார்கள். மேலடுக்குகளில் கருவி செய்யும் முறையே மாறுகிறது: கல்லை முதலில் பக்குவப்படுத்திவிட்டு, நினைத்த அளவில் சில்லைப் பெயர்த்தெடுக்கும் முறை. அது சுமார் 3 லட்சத்து 85 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தொடங்குகிறது என்று 2018இல் எழுதினார்கள். நீலான், எருமை, குதிரை இனங்களின் பற்கள் கிடைத்தன. கருவி செய்தவர்களின் எலும்பு ஒன்றும் கிடைக்கவில்லை.

போன வருஷம் பூண்டி அகழ்வைப்பகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் கைக்கோடாரிகள்: இரண்டு பக்கமும் செதுக்கிய குவார்ட்சைட் கல், கண்ணீர்த்துளி வடிவம். பையன்கள் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு அணைக்கட்டைப் பார்க்க ஓடிவிட்டார்கள். அந்த மூன்றாவது வரிசைப் பெண் நகரவில்லை. காற்றில் கையை அந்தக் கல்லின் அளவுக்கு வளைத்தாள், பிரித்தாள், மறுபடி வளைத்தாள்.

"சார், கட்டைவிரல் எங்க வைப்பாங்க?"

எனக்குத் தெரியவில்லை. வெளியே வந்து, பாதையோரம் கொட்டியிருந்த ஜல்லியில் உள்ளங்கை அளவுக்கு ஒன்றைத் தேடி எடுத்தாள். மரத்தடியில் குந்தி, கண்ணை மூடிக்கொண்டு, கல்லைத் திருப்பித் திருப்பி விரலால் தடவிக்கொண்டிருந்தாள். நானும் ஒரு கல்லை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். ஓட்டுநர் இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டார்.