முஸ்தபாவுக்குப் போன எட்டு ரூபாய்

அரியலூரில் அந்த வீட்டுக் கூடத்தில் அன்று ராத்திரி ஒரே சத்தம். ஏழாம் வகுப்பு படிக்கும் பையன், அப்பாவின் போனில் கேம் ஆடிக்கொண்டே உள்ளே துப்பாக்கியும் சட்டையும் வாங்கியிருக்கிறான். 640 ரூபாய் போய்விட்டது.

"இந்தத் திருட்டுப் புத்தி எங்கேருந்துடா வந்துச்சு?" அப்பா கையை ஓங்கினார்.

"எங்கேருந்துன்னு நான் சொல்லட்டுமா தம்பி?" என்றார் மூலையில் படுத்திருந்த பாட்டி.

ஓங்கிய கை தானாக இறங்கியது.

முப்பது வருடக் கதை அது. காலாண்டு விடுமுறைக்குப் பெரம்பலூரில் மாமா வீட்டுக்குப் போன சிறுவன் அவர். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓர் இருட்டறை. உள்ளே ஆள் உயரத்துக்கு மூன்று பெட்டிகள். ஒரு ரூபாய்க்கு ஓர் ஆட்டம். அதில் ஒன்றுக்குப் பையன்கள் வைத்த பெயர் 'முஸ்தபா'. ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1993ல் வெளியிட்ட 'காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்' என்பதுதான் அதன் நிஜப் பெயர். ஆனால், இந்தியா முழுக்க அதன் நாயகர்களில் ஒருவரான முஸ்தபாவின் பெயரே நிலைத்துவிட்டது.

டைனோசரை அவர் முதலில் பார்த்தது அந்தத் திரையில்தான். ஆனால், அரியலூர் பக்கம் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளை வைத்து, 'புருஹத்காயோசாரஸ்' என்ற ராட்சத டைனோசரைப் பற்றி ஆய்வாளர்கள் 1987லேயே எழுதிவிட்டார்கள். சொந்த மண்ணில் கிடந்ததை அவருக்குச் சொல்ல ஆளில்லை.

காசு விழுங்குவதற்கென்றே பிறந்தவை இந்தப் பெட்டிகள். 1972ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், அடாரி நிறுவனம் 'பாங்' என்ற ஆட்டத்தை ஒரு மதுக்கடையில் வைத்துப் பார்த்தது. கொஞ்ச நாளில் பெட்டி நின்றுவிட்டது. பழுது பார்க்கப் போன பொறியாளர் ஆலன் ஆல்கார்ன் திறந்து பார்த்தால், கோயில் உண்டியல் மாதிரி உள்ளே காசு நிரம்பி வழிந்தது. அதனால்தான் அது ஓடவில்லை.

1978ல் ஜப்பானின் டொமோஹிரோ நிஷிகாடோ 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' ஆட்டத்தை உருவாக்கினார். திரையில் 55 வேற்றுக்கிரக எதிரிகள். சுடச்சுட எண்ணிக்கை குறையும். சிப்புக்கு வரைகிற வேலையும் குறையும். அதனால் மிச்சமிருப்பவை வேகமெடுக்கும். தற்செயலாக வந்த அந்த வேகத்தை அவர் அப்படியே விட்டுவிட்டார். ஜெயிக்கப் போகிறோம் என்கிற நேரத்தில் நெஞ்சு படபடக்கும். ஆடுகிறவர் அங்கேதான் மாட்டிக்கொள்வார்.

பிறகு வந்த பெட்டிகள் இன்னொன்றும் கற்றுக்கொண்டன. தோற்றதும் 'தொடரவா?' என்று கேட்டு ஒன்பது, எட்டு, ஏழு என்று எண்ணும். பூஜ்யம் வருவதற்குள் அடுத்த காசு போட்டால், விட்ட இடத்திலிருந்து ஆடலாம். போடாவிட்டால் எல்லாம் போச்சு. அந்தச் சில நொடிகளில் எந்தச் சிறுவனுக்கு யோசனை ஓடும்?

ஊரிலிருந்து கிளம்பும்போது அவர் பையில் எட்டு ஒரு ரூபாய்க் காசுகள் இருந்தன. அம்மா முந்திரிக்கொட்டை உடைத்த கூலி. அரிசிப் பானைக்குள் துணியில் முடிந்து வைத்திருந்தார்.

திரும்பி வந்த அன்று அம்மா அடிக்கவில்லை. மறுநாள் காலையில் முந்திரிக் கொட்டகைக்குக் கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்கார வைத்தார். தோலிலிருந்து தெறித்த எண்ணெய் பட்டு விரல் எரிந்தது. சாயங்காலம் தோல் உரிந்தது. எட்டு ரூபாய் சேர இரண்டு நாள் ஆனது. அம்மாவின் விரல்கள் ஏன் எப்போதும் கறுத்தே இருக்கின்றன என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

பாட்டி சொல்லி முடித்தபோது பையனின் அழுகை நின்றிருந்தது.

"அப்பா, முஸ்தபாவுல நீங்க ஜெயிச்சீங்களா?"

"இல்லடா. பாதியிலயே காசு தீந்துடுச்சு."

பையன் போனை எடுத்து அப்பாவிடம் நீட்டினான். அவர் பணம் கட்டும் ரகசிய எண்ணை மாற்றினார். பிறகு சொன்னார்: "நாலு ஞாயித்துக்கிழமை நம்ம மளிகைக் கடைக்கு வந்து உக்காரு. 640 ரூபா எப்படி வருதுன்னு பாரு."

"உக்காரட்டும்" என்றார் பாட்டி. "ஆனா, கை எரியாத வேலையா குடு."