பின்னால் வருவதும் நம் பாரமே



பங்குத்தந்தை பிக்கப் ட்ரக்கைப் பற்றி எழுதுகிறாரே என்று சிலர் வியக்கக்கூடும். இங்கே ஒன்ராறியோவில் வசந்தம் தொடங்கி இலையுதிர்காலம் முடியும்வரை புல் வெட்டியும், முற்றங்களுக்குக் கல் பதித்தும் குடும்பம் காக்கும் நம் பிள்ளைகள் பலர். அவர்கள் ஓட்டும் பிக்கப்புக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு ட்ரெய்லரும் உருண்டுகொண்டிருக்கிறது. அதனால்தான் இந்தப் பதிவு.

அண்மையில் அத்தகைய இளைஞர் ஒருவர் திருப்பலி முடிந்தபின் என்னைத் தேடி வந்தார். மண் அகழும் சிறிய இயந்திரம் ஒன்றை ட்ரெய்லரில் ஏற்றி இழுத்துச் செல்லுமாறு வேலைத்தளத்தில் பணித்திருக்கிறார்கள். "ட்ரக் தாராளமாக இழுக்கும், உன்னிடம் ஜி லைசன்ஸும் இருக்கிறது, பிறகென்ன?" என்றாராம் முதலாளி. "சுவாமி, எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் எதைச் சொல்லி மறுப்பதென்றும் தெரியவில்லை" என்றார் அவர்.

இருவரும் அமர்ந்து, அந்த ட்ரக்கின் பதிவுப் பத்திரத்தின் பிரதியையும் மாகாண விதிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தோம். முதலாளி ஒன்றாகக் குழப்பிய கேள்விகள் உண்மையில் மூன்று என்பது தெளிவாயிற்று.

முதலாவது, ட்ரக்கால் இழுக்க முடியுமா? அதற்கு விடை சொல்பவர் உற்பத்தியாளர். இரண்டாவது, சாரதி அதை ஓட்டலாமா? ஜி லைசன்ஸ் உள்ளவர், ட்ரக்கும் ட்ரெய்லரும் சேர்ந்து 11,000 கிலோவுக்கு மேற்படாமலும், ட்ரெய்லர் சுமையுடன் 4,600 கிலோவுக்கு மேற்படாமலும் இருந்தால் ஓட்டலாம். மூன்றாவது கேள்வியைத்தான் எவரும் கேட்பதில்லை: அந்த எடைக்கு ட்ரக் பதிவு செய்யப்பட்டிருக்கிறதா?

ட்ரெய்லரும் அதன் சுமையும் சேர்ந்து 2,800 கிலோவுக்குள் இருந்தால், ட்ரக்கின் பதிவு எடையில் அதைக் கணக்கிட வேண்டியதில்லை. அதைத் தாண்டிவிட்டால் ட்ரெய்லரின் முழு எடையும் ட்ரக்கின் எடையோடு கூட்டப்படும். மேலதிகமான பகுதியை மட்டும் கூட்டினால் போதாது.

எங்கள் கணக்கு இதுதான்: ஆட்களோடும் கருவிகளோடும் ட்ரக் 2,900 கிலோ. இயந்திரம் 3,500, வெறும் ட்ரெய்லர் 1,000. ஆக 4,500 கிலோ. மொத்தம் 7,400. பத்திரத்தில் இருந்த பதிவு எடையோ 3,000. லைசன்ஸ் போதும் என்பது உண்மைதான். அதுவும் 100 கிலோ இடைவெளியில். இன்னொரு வாளியும் நான்கு சீமெந்துப் பைகளும் ஏறினால் அந்த இடைவெளியும் போய்விடும்.

இத்தோடு முடியவில்லை. தொழிலுக்காக ஓடும் இத்தகைய வாகனம் 4,500 கிலோவைத் தாண்டும்போது, அதை நடத்துபவர் சிவிஓஆர் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். ட்ரக்குக்கும் ட்ரெய்லருக்கும் ஆண்டுதோறும் பாதுகாப்புப் பரிசோதனையும் தேவை. 1,360 கிலோவும் அதற்கு மேலும் உள்ள ட்ரெய்லருக்குத் தனியாகப் பிரேக் இருந்தாக வேண்டும். இவை வெறும் காகித வேலைகள் அல்ல. இழுப்பதற்கு எஞ்சின் வலிமை போதும். இறக்கத்தில், மழைநாளில், முன்னால் செல்லும் கார் சட்டென நின்றால், ஏழு தொன்னை நிறுத்துவது வேறு காரியம்.

பதிவு எடையை அறிவிப்பவர் வாகன உரிமையாளரே. எடை கூடக் கட்டணமும் கூடும். ஆகவே குறைத்து அறிவிக்கும் ஆசை எழுகிறது. ஆனால் வீதியோரத்தில் அதிகாரி நிறுத்தும்போது ஆசனத்தில் இருப்பவர் உரிமையாளர் அல்லர். சாரதியின் பெயரிலும் குற்றச்சீட்டு எழுதப்படலாம். கட்டணத்தில் மிச்சம் பிடித்தவர் ஒருவர். ஆபத்தைச் சுமப்பவர் வேறொருவர். என்னை வருத்துவது இதுதான்.

அந்த இளைஞர் மறுநாள் கணக்கைக் காட்டிப் பணிவாக மறுத்தார். அந்த வாரம் முழுவதும் அவரை வேலைக்கு அழைக்கவில்லை. அவருடைய இடத்தில் வேறொருவர் அதே ட்ரக்கை ஓட்டிச் சென்றாராம். அவரும் ஒரு தாயின் பிள்ளைதானே! ஒருவரைக் காப்பாற்றிவிட்டோம் என்று என்னால் நிம்மதியாக இருக்க முடியவில்லை.

தொழில் நடத்தும் சகோதரர்களே, உங்கள் உழைப்பை நான் மதிக்கிறேன். சுமையேற்றிய வாகனத்தை ஒருமுறை எடைமேடையில் நிறுத்திப் பாருங்கள். பின்பு சேர்விஸ் ஒன்ராறியோவுக்குச் சென்று உண்மையான எடைக்குப் பதிவு செய்யுங்கள். அது இயலாதாயின், இயந்திரத்தை உரிய வாகனம் உள்ளவரிடம் கொடுத்து அனுப்புங்கள்.

தம்பிமாரே, தங்கைமாரே, சாவியை வாங்குமுன் பதிவுப் பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பாதுகாப்பற்ற வேலையை மறுக்கும் உரிமையை ஒன்ராறியோவின் தொழிற் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்குத் தந்திருக்கிறது. அதற்காக உங்களைத் தண்டிப்பதையும் அச்சட்டம் தடுக்கிறது. விதிகளை வாசிப்பது கடினமாயிருந்தால் பத்திரத்தோடு பங்கு மனைக்கு வாருங்கள். சேர்ந்து வாசிப்போம்.

வீதியில் உழைக்கும் அனைவரும் மாலையில் நலமாக வீடு திரும்ப இறைவன் துணைபுரிவாராக.