பெயர் ஒருவருடையது, கை வேறொருவருடையது

மனிதர் சேகரிக்கும் பொருள்களுக்கு எல்லை இல்லை. அஞ்சல்தலை சேர்ப்பார் உண்டு. நாணயம் சேர்ப்பார் உண்டு. பழங்கடிகாரங்களைத் தேடி ஊர் ஊராக அலைவாரும் உண்டு. நாம் சேர்ப்பவை தூண்டில் ரீல்கள். தூண்டிற்கோலின் அடிப்பக்கத்தில் பொருத்தி, தங்கூசி நரம்பைச் சுற்றி வைக்க உதவும் அந்தச் சிறு கருவியையே சொல்கிறோம். அதிலும், சேகரிப்போர் பெரும்பாலோர் போட்டியிட்டு வாங்கும் பேர்பெற்ற ரீல்களை நாம் நாடுவதில்லை. ஒரு தொழிற்சாலையில் உருவாகி, வேறொரு நிறுவனத்தின் பெயரைச் சுமந்து கடைக்கு வந்த பழைய ரீல்களே நம் அலமாரியில் இருப்பவை. தொழில் நிமித்தமாக அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வாழ்ந்த ஆண்டுகளில் தொற்றிக்கொண்ட பழக்கம் இது. “பேர் இல்லாத சரக்கை ஏன் சேர்க்கிறீர்கள்?” என்று வினவாத நண்பர் இல்லை. அவர்களுக்கு விடையாக இக்கட்டுரை அமையட்டும்.

செய்பவர் ஒருவர், பெயர் பெறுபவர் ஒருவர் என்னும் வழக்கம் நம்மவர்க்குப் புதிதன்று. நாம் உடுத்தும் கைலியில் ஒட்டியிருக்கும் சீட்டில் வணிகரின் பெயர் பளிச்சிடும். தறியில் அமர்ந்து நெய்தவரின் பெயரை அதில் காண முடியாது. 20-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அமெரிக்கத் தூண்டில் ரீல் வணிகத்தில் ஒரு பகுதி இப்படியே நடந்தது எனலாம். சிக்காகோ நகரத்துச் சியர்ஸ் ரோபக், மாண்ட்கோமரி வார்டு ஆகிய நிறுவனங்கள் தடித்த விலைப்பட்டியல் நூல்களை அச்சிட்டு, நாட்டுப்புறத்து உழவர் இல்லங்களுக்கெல்லாம் அஞ்சலில் அனுப்பின. அவற்றில் ஊசி முதல் உழுகருவி வரை விற்பனைக்கு இருந்தன, ரீலும் இருந்தது. ரீல்களை அந்நிறுவனங்கள் தாமே செய்யவில்லை. மிச்சிகன் மாநிலத்துப் பிரான்சன் என்னும் சிற்றூரில் இயங்கிய பிரான்சன் ரீல் கம்பெனி போன்றவை செய்து கொடுத்தன. அவற்றைச் சியர்ஸ் ‘ஜே. சி. ஹிக்கின்ஸ்’ என்றும், மாண்ட்கோமரி வார்டு ‘ஸ்போர்ட் கிங்’ என்றும், வெஸ்டர்ன் ஆட்டோ என்னும் மற்றொரு நிறுவனம் ‘ரெவலேஷன்’ என்றும் பெயர் பொறித்து விற்றன.

இந்த ஹிக்கின்ஸ் யார்? தேர்ந்த கம்மியரா, தூண்டில் வல்லுநரா? இரண்டும் அல்லர். ஜான் ஹிக்கின்ஸ் 1898-ல் சியர்ஸ் நிறுவனத்தில் சேர்ந்து, தலைமை அலுவலகக் கணக்கர்களுக்கு மேலாளராக இருந்து, 1930-ல் ஓய்வு பெற்றவர். 1908-ல், விளையாட்டுப் பொருள்களுக்கு என்ன பெயர் சூட்டலாம் என்று மேலதிகாரிகள் கூடி ஆலோசித்தபோது அவருடைய பெயர் பேச்சில் அடிபட்டது, அதுவே நிலைத்துவிட்டது. நடுவில் நிற்கும் ‘சி’ என்ற எழுத்துகூட அவர் பெயரில் இல்லாதது. நிறுவனம் தானாகச் சேர்த்தது! 1961-ல் அந்தப் பெயர் பின்வாங்க, பேஸ்பால் ஆட்டத்தில் பெரும்புகழ் ஈட்டிய டெட் வில்லியம்ஸின் பெயர் முன்வந்தது. அவர் தூண்டிலிலும் கைதேர்ந்தவர் என்பது உண்மை. ஆயினும், கணக்கெழுதிய ஹிக்கின்ஸைப் போலவே பந்தடித்த வில்லியம்ஸும் தம் பெயரிட்ட ரீல்களில் ஒரு திருகைக்கூட முடுக்கியவர் அல்லர்.

தொழிற்சாலைகள் தம் பெயரை விட்டுக்கொடுத்தது ஏன் என்று கேட்கலாம். ரீலின் பக்கத் தகடுகளையும் பற்சக்கரங்களையும் வெட்டி எடுக்கும் அச்சுகளுக்கு ஆகும் செலவு பெரிது; முகப்பில் பெயர் பொறிக்க ஆகும் செலவு சிறிது. அச்சு தயாரான பிறகு எத்தனை ரீல் வெளிவருகிறதோ அத்தனைக்குச் செலவு பங்கிடப்படும். பெரிய கடையின் ஆணை கையிலிருந்தால் இயந்திரம் ஓய்ந்து கிடக்காது. விளம்பரத்துக்குப் பணம் இறைக்கவும் வேண்டாம். ஆகவே, உள்ளுறுப்பு யாவும் ஒன்றாகவே இருக்க, முகப்பை மட்டும் மாற்றி மூன்று நான்கு கடைகளுக்கு அனுப்புவது வழக்கமாயிற்று. சில வேளைகளில் மெருகைக் குறைத்தும், கைப்பிடிக் குமிழை மாற்றியும் தம் சொந்தப் பெயரிட்ட ரீலுக்கு ஒரு படி தாழ்வாகச் செய்து கொடுப்பதும் உண்டு.

செய்த கையைக் கண்டறிவதே நம் சேகரிப்பின் சுவை. பெயர் பேசாத இடத்தில் உறுப்புகள் பேசும். பக்கத் தகடுகளை இணைக்கும் தூண்கள் எத்தனை, திருகுகள் எந்த இடைவெளியில் அமைந்துள்ளன, கோலில் பொருந்தும் பாதத்தின் விளிம்பு எவ்வாறு வளைந்துள்ளது, நரம்பைச் சீராகப் பரப்பும் புரிதண்டில் எத்தனை வரிகள் என்று ஒன்றொன்றாக ஒப்பிட வேண்டும். காப்புரிமை எண் பொறிக்கப்பட்டிருந்தால் பாதி வேலை தீர்ந்தது. சியர்ஸ் பொருள்களில் மற்றொரு திறவுகோல் உண்டு: மாதிரி எண்ணில் புள்ளிக்கு முன் நிற்கும் மூன்று இலக்கங்கள் செய்த தொழிற்சாலையைக் குறிக்கும். அந்நிறுவனம் விற்ற துணி வெளுக்கும் இயந்திரத்தில் 110 என்றிருந்தால், அது வேர்ல்பூல் ஆலையில் பிறந்தது என்று பொருள். ரீல்களுக்கும் இதே முறைதான். முகப்பு மறைத்ததை எண் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இங்கிலாந்தில் இதனினும் நுட்பமான அடையாளம் ஒன்றைக் காண்கிறோம். ஆனிக் என்னும் ஊரில் ஹார்டி சகோதரர்களின் புகழ்பெற்ற தொழிற்சாலை இருந்தது. அங்கே வேலை பார்த்த டிங்லி என்பவர் பிரிந்து தனிப் பட்டறை வைத்து, பல கடைகளுக்கு ரீல் செய்து கொடுத்தார். வெளியே கடைக்காரரின் பெயர். உள்ளே, ரீலைப் பிரித்தாலன்றிக் கண்ணில் படாத இடத்தில், ‘டி’ என்னும் ஆங்கில எழுத்து ஒன்று. வாங்கியவர் அறிய வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. தம் கைவேலைக்குத் தாமே இட்ட சாட்சி அது.

1996-ஆம் ஆண்டுக் கோடையில், மிச்சிகனில் ஒரு வீட்டு வாசலில் பழம்பொருள்களைப் பரப்பி வைத்திருந்தார்கள். ஒரு கடையின் பெயர் பொறித்த ரீலை எடுத்து நாம் புரட்டிக்கொண்டிருக்க, விற்பனைக்கு அமர்ந்திருந்த மூதாட்டி அதைக் கையில் வாங்கினார். கைப்பிடியைச் சுழற்றிக் காதருகே வைத்துக் கேட்டார். “இது எங்கள் வரிசையில் வந்ததுதான்” என்றார். இளமையில் ஒரு ரீல் தொழிற்சாலையில் சிறு திருகுகளைப் பூட்டி எண்ணெய் விடும் வேலை பார்த்தவராம். “காலையில் ஒரு கடையின் பெட்டி வரும், மாலையில் வேறு கடையின் பெட்டி வரும். நாங்கள் விட்ட எண்ணெய் ஒன்றுதான்” என்று சொல்லிச் சிரித்தார். பின்பு சிரிப்பு அடங்கியது. “கடைக் கண்ணாடிக்குள் இருந்த ரீலைக் காட்டி, இதை நான் பூட்டினேன் என்று என் பிள்ளைகளிடம் சொன்னேன். பெட்டியில் வேறு பெயர் இருந்ததால் அவர்கள் நம்பவில்லை” என்றார்.

அந்தச் சொல் நம்மை விட்டு அகலவே இல்லை. தம் உழைப்பைத் தம் மக்களுக்கே மெய்ப்பிக்க இயலாத நிலை எத்தனை குடும்பங்களில் இருந்திருக்கும்! அதுவரை நாம் ரீல்களைப் புதிர்களாகக் கருதி விடுவித்து வந்தோம். அன்றுமுதல் அவை சான்றுகளாகத் தோன்றலாயின.

இவ்வழக்கம் அமெரிக்காவோடு நின்றதன்று. பிரான்சு நாட்டு ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் க்ளூஸ் என்னும் ஊர், தலைமுறை தலைமுறையாகக் கடிகாரத் தொழில் நடந்த இடம். அங்கே கார்பானோ அண்ட் போன்ஸ் நிறுவனம் செய்த மிட்செல் ரீல்கள், இறக்குமதி செய்த கார்சியா நிறுவனத்தின் பெயரையும் முன்னே சேர்த்துக்கொண்டு ‘கார்சியா மிட்செல்’ என அமெரிக்கக் கடைகளில் அமர்ந்தன. சுவீடனில் ஸ்வேங்ஸ்டா என்னும் ஊரின் ஆபு நிறுவனம் 1921-ல் சட்டைப்பைக் கடிகாரம் செய்யத் தோன்றியது. பின்பு வாடகைக் கார் மீட்டர் செய்தது. உலகப்போர் அவ்வணிகத்தை முடக்கவே ரீலுக்குத் திரும்பியது. அது செய்த ‘கார்டினல்’ ரீலை ‘செப்கோ கார்டினல்’ என்ற பெயரில் வாங்கிய அமெரிக்கர் பலர், அதைத் தம் நாட்டு ஓக்லஹோமா மாநிலத்துச் சரக்கு என்றே எண்ணியிருப்பர். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கென்டக்கி மாநிலத்தில் பல்சுழற்சி ரீல் செய்த ஜார்ஜ் ஸ்னைடரும் கடிகாரக் கம்மியரே. மணியைச் சுட்டும் சக்கரங்களைச் செதுக்கிய கைகளே நரம்பை இழுக்கும் சக்கரங்களையும் செதுக்கின.

மறைந்திருந்தவர் வெளிப்பட்டதும் உண்டு. ஜப்பானின் சக்காய் நகரத்து ஷிமானோ, மிதிவண்டி உறுப்புகள் செய்து வளர்ந்த நிறுவனம். 1970-களில் லூ சில்ட்ரி என்னும் அமெரிக்க வணிகரின் ‘லூஸ்’ பெயருக்கு ரீல் செய்து கொடுத்தது. 1978-ல் ‘பேண்டம்’ என்னும் ரீலைத் தன் சொந்தப் பெயரிலேயே கொண்டுவந்தது. இன்று தூண்டில் பிடித்த எவரும் அப்பெயரை அறிவர். ஆனால், ஷிமானோவுக்குக் கிட்டிய அந்த வாய்ப்பு எல்லாத் தொழிற்சாலைகளுக்கும் கிட்டவில்லை.

இனி, கடைக்காரர் பக்கத்து நியாயத்தையும் சொல்லவேண்டும். கடை தன் பெயரைப் பொறித்தது ஏமாற்று வேலையன்று. பொருள் பழுதானால் வாங்கியவர் திரும்பி வந்து கேட்பது கடையைத்தான். அந்தப் பெயர் ஒரு பொறுப்பு. மேலும், பேர்பெற்ற ரீலை வாங்க வசதியற்ற உழவரின் மகன், விலைப்பட்டியலைப் பார்த்துக் காசு சேர்த்து முதல் ரீல் வாங்கியது அக்கடைகளால்தான். ஏமாற்று வேலை என்பது வேறு. ஒரே ரீல் தொழிற்சாலையின் பெயரோடு இருந்தால் சேகரிப்போர் சந்தையில் விலை கூடும். கடையின் பெயரோடு இருந்தால் குறையும். இதைக் கண்டு, பக்கத் தகட்டைக் கழற்றி வேறு தகட்டை மாட்டி விற்போர் உளர். செய்தவருக்குப் பெயர் வாங்கித் தருவதாக அவர்கள் சொல்லிக்கொண்டாலும் நாம் அதை ஏற்பதில்லை. தகட்டை மாற்றினால் கடையின் சாட்சியமும் அழியும், தொழிற்சாலையின் சாட்சியமும் கெடும். நம்மிடமுள்ள எந்த ரீலிலும் ஓர் எழுத்தையும் நாம் தேய்த்ததில்லை.

காலம் செய்த தீர்ப்பு விந்தையானது. மாண்ட்கோமரி வார்டின் கடைகள் 2001-ல் மூடப்பட்டன. ஒரு காலத்தில் உலகின் மிக உயர்ந்த கட்டடத்தைச் சிக்காகோவில் எழுப்பிய சியர்ஸ், 2018-ல் நொடித்து நீதிமன்றத்தின் படியேறியது. பெயர் கொடுத்தவர்கள் மங்கிப்போனார்கள். நம் அலமாரியில் உள்ள ரீலின் கைப்பிடியை ஒருமுறை சுழற்றினால், உருளை இன்றும் தயங்காமல் நான்குமுறை சுழல்கிறது.

அமெரிக்காவில் ‘ஓல்டு ரீல் கலெக்டர்ஸ் அசோசியேஷன்’ என்னும் சங்கம் உள்ளது. இத்தகைய சங்கங்களில் உள்ளவர்கள் பழைய விலைப்பட்டியல்களையும் காப்புரிமை ஏடுகளையும் ஒப்புநோக்கி, எதை எவர் செய்தார் என்று எழுதி வருகின்றனர். ஏடுகள் காத்திருக்கும், மனிதர் காத்திருக்கமாட்டார். அந்த வரிசைகளில் அமர்ந்து திருகு பூட்டியவர்களில் எஞ்சியிருப்போர் இன்று மிகச் சிலரே.

நம் சேகரிப்பில் 43 ரீல்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு எழுதி வைத்திருக்கிறோம். முதல் வரியில் விற்ற பெயர். இரண்டாம் வரியில் செய்த கை. அந்த மூதாட்டி காட்டிய ரீலின் சீட்டில், “பூட்டியவரே கண்டு சொன்னது” என்று எழுதியுள்ளோம். பதினொரு சீட்டுகளில் இரண்டாம் வரி இன்னும் வெறுமையாக இருக்கிறது. ஊகித்து நிரப்ப மனம் ஒப்பவில்லை. அடித்துவிடவும் மனம் இல்லை. யாரோ ஒருவர் வரவேண்டிய இடம் அது என்று விட்டுவைத்திருக்கிறோம்.