இரண்டு வருஷ உத்தியோகம்

பெண் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டாள் என்று அக்கம்பக்கத்தில் சர்க்கரை வழங்கிய கை காய்வதற்குள், "ஆராய்ச்சி செய்ய அயர்லாந்துக்குப் போகிறேன்" என்கிறாள். "இன்னுமா படிப்பு?" என்று நமக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

சகோதரிகளே, அது படிப்பு அல்ல, உத்தியோகம். சம்பளமும் லீவும் வரிப் பிடித்தமும் உள்ள அசல் உத்தியோகம். ஒரு குறைதான்: அதற்கு ஆயுள் குறைவு. என் தங்கை மகள் இப்படிப் புறப்பட்டபோது வீட்டில் நடந்த வாதப் பிரதிவாதங்களில் நான் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

இந்த வேலை இரண்டு வழியில் வருகிறது. ஒரு பேராசிரியர், அரசாங்கத்திடமோ ஐரோப்பிய யூனியனிடமோ பணம் பெற்று, தம் ஆராய்ச்சிக்கு ஆள் வைத்துக்கொள்வது ஒன்று. பணம் உள்ளவரைதான் வேலை. மற்றொன்று, பெண்ணே தன் ஆராய்ச்சித் திட்டத்தை எழுதி உதவித் தொகை கேட்பது. 2024-ல் ஏற்பட்ட 'ரிசர்ச் அயர்லாந்து' ஸ்தாபனமும், மேரி கியூரி பெயரால் ஐரோப்பிய யூனியனும் இப்படிக் கொடுக்கின்றன. போட்டி கடுமை, கிடைத்தால் மதிப்பும் அதிகம்.

இடத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். இன்றைக்குக் கம்ப்யூட்டருக்கு அடிப்படையாயிருக்கும் கணிதத்தைத் தந்த ஜார்ஜ் பூல், 1849 முதல் கார்க் நகரத்தில் பேராசிரியராக இருந்தவர். டப்ளின் டிரினிடி கல்லூரி 1592-ல் தோன்றியது. ஆனால் பெண்களுக்குக் கதவு திறந்தது 1904-ல்தான்! வீட்டிலே மட்டுமா நம்மைக் காக்க வைக்கிறார்கள்?

"இரண்டு வருஷ வேலைக்காகவா கடல் தாண்டுவது? பிள்ளை வீட்டார் கேட்டால் என்ன சொல்வேன்?" என்று தங்கை கண்ணைக் கசக்கினாள்.

பெண் என்னைப் பார்த்து, "பெரியம்மா, நிரந்தர வேலைக்குப் போனால், 'உன் பெயரில் என்ன கட்டுரை வந்திருக்கிறது?' என்றுதான் கேட்கிறார்கள். அதைச் சேர்க்கத்தான் போகிறேன்" என்றாள்.

அவள் சொன்னது நியாயம். ஆனால் தாயின் கவலையும் பொய்யல்ல. முதல் ஒப்பந்தம் முடிந்து அடுத்தது கிடைப்பதற்குள் இரண்டு மாதம் சம்பளமில்லாமல் இருந்தாள். கையில் சேமிப்பு இருந்ததால் பிழைத்தாள். டப்ளினில் வாடகை வீடு குதிரைக் கொம்பு. வாடகையோ சம்பளத்தில் பெரும்பங்கை விழுங்கிவிடும்.

ஆகையால், தடுப்பதை விட்டு விசாரியுங்கள். ஒப்பந்தம் எத்தனை மாதம்? பணம் யாருடையது? கட்டுரையில் யார் பெயர் முதலில் வரும்? 'ஹோஸ்டிங் அக்ரிமென்ட்' என்ற தஸ்தாவேஜைக் கல்லூரி கொடுக்குமா? அது இருந்தால் தனியாக வேலை பெர்மிட் வேண்டாம். விசா வாங்கினால் போதும். கூடப் போகும் கணவரும் அங்கே வேலை பார்க்கலாம். பிரசவ லீவு சட்டப்படி 26 வாரம் உண்டு. ஆனால் நடுவில் ஒப்பந்தம் முடிந்தால் லீவும் அன்றோடு முடியும். நீட்டிப்பார்களா என்பதை எழுத்தில் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

பதில்கள் திருப்தியாக இருந்தால், ஊறுகாய் பாட்டிலை இறுக மூடிக் கொடுத்து, சந்தோஷமாக வழியனுப்புங்கள். "எப்போது திரும்புவாய்?" என்று கேட்பதை மட்டும் முதல் ஆறு மாதத்துக்கு ஒத்திப் போடுங்கள்!